சட்டையைக் கழற்றாத தலைவர்

பிறருக்குத் தோள் கொடுத்த தலைவர்கள் உலக வரலாற்றில் ஆயிரம் பேர் இருக்கலாம். பொதுமக்கள் நலனுக்காகத் தன் தோளையே பறிகொடுத்த தலைவர் ஒருவர்தான். அவர் பெயர் தளவாய்.

தாராவி தொண்ணூறடிச் சாலையில், மின்கம்பத்துக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் இப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவர் தளவாய். கீழே 'இவண்: பொதுமக்கள்' என்று போடச் சொன்னவரும் தளவாய். பொதுமக்களில் ஒருவர் அதைக் கயிறு கட்டித் தூக்கும்போது, "அண்ணாச்சி, தோளு போச்சுன்னா கை எங்க இருக்கும்?" என்று கேட்டதற்கு, அவரை அடுத்த நிர்வாகக் குழுவில் சேர்ப்பதில்லை என்று அங்கேயே முடிவானது.

தளவாய்க்கு வயது ஐம்பத்தெட்டு. திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் இறக்கி மொத்த வியாபாரம் செய்கிறார். 'தளவாய் பனியன் ஹவுஸ்' பையில் 'வெளியே தெரியாததிலும் தரம்!' என்று சிவப்பு எழுத்தில் அச்சாகியிருக்கும். இது தொழில். அவருடைய வாழ்க்கை வேறு. அகில மும்பை தாமிரபரணித் தமிழர் பேரவைக்குப் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். பதினோரு வருடமும் போட்டியின்றித் தேர்வு. தேர்தல் வைத்தால்தானே போட்டி வரும்.

விஷயம் நடந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தில். மழைக்காலம் வரும் முன் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தலாம் என்று செம்பூர் பக்கத்து கிளினிக் ஒன்று பேரவையிடம் வந்தது. ஆளுக்குச் சலுகை விலை, ஊசியும் நர்ஸும் அவர்களுடையது, ஹாலும் கூட்டமும் பேரவையுடையது. தளவாய் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். முதல் ஊசி தனக்கு.

"ஜனங்க பயப்படுதாவ. தலைவன் போட்டாத்தான் தொண்டன் போடுவான்," என்றார்.

யாரும் பயப்படவில்லை. கொரோனா காலத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று போட்டுப் பழகியவர்கள். ஆனாலும் பேரவைச் செயலாளர் வெயிலுமுத்து நான்கு போன்களை நான்கு பேர் கையில் கொடுத்து, நாலு திசையிலும் நிறுத்தினார்.

தளவாய் அன்று முழுக்கை வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டது. கையை மடக்கினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். அப்படிப்பட்ட கையைத் தோள்வரை சுருட்டி ஏற்ற யாராலும் முடியாது. கோவண்டியிலிருந்து வந்திருந்த நர்ஸ் அஃப்ஷாவுக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். பார்த்தவுடனேயே, "அங்கிள், ஷர்ட் நிகாலோ," என்றாள்.

தளவாய் கழற்றவில்லை. மேல் பொத்தான்கள் இரண்டை அவிழ்த்து, காலரை இடதுபக்கம் இழுத்து, தோளின் உச்சியை மட்டும் வெளியே காட்டினார்.

"அப்படி இல்ல அங்கிள். இன்னும் கீழே போடணும். சட்டையைக் கழற்றணும்," என்று ஹிந்தியில் மறுபடியும் சொன்னாள் அஃப்ஷா.

"தலைவர் பொதுவுல சட்டைய கழத்த மாட்டாவ!" என்று வெயிலுமுத்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் கைதட்டியது. கிளினிக் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "குத்தும்மா, லைன்ல நாற்பது பேர் நிக்கிறாங்க," என்றார். தளவாய் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அஃப்ஷா குத்தினாள்.

பின்னால் வந்த நாற்பது பேரும் சட்டையைக் கழற்றியோ கையைச் சுருட்டியோ போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் தளவாயின் இடது தோளில் வலி. ஊசி வலிதானே என்று மனைவி பேராச்சி தைலம் தேய்த்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாவது மாதம் கை சட்டைப் பாக்கெட் உயரத்துக்கு மேல் எழும்ப மறுத்துவிட்டது. கிங்ஸ் சர்க்கிளில் எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஊசி தசையில இறங்கணும். இது ரெண்டு விரக்கடை மேல போய், மூட்டு மேல இருக்கிற பைக்குள்ள இறங்கியிருக்கு. காலரை இழுத்துட்டுக் குத்தினா இப்படித்தான் ஆகும். யார் சார் காலரை இழுத்தது?"

தளவாய் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் படத்தில் இருக்கிற மாதிரி.

கையைத் தூக்க முடியாத தலைவரின் நிலைமை பரிதாபமானது. கூட்டத்தைப் பார்த்து வணக்கம் வைத்தால் ஒற்றைக் கை மட்டும் எழுந்து, யாரையோ பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி இருந்தது. பொன்னாடை போர்த்தினால் இடதுபக்கம் வழுக்கி விழுந்தது. ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய கஷ்டம் வீட்டுக்குள் நடந்தது. பனியன், தலைவழியே போடுகிற உடுப்பு. தாராவிக்கே பனியன் போட்டுவிடுகிற தளவாயால் தனக்கு ஒரு பனியன் போட்டுக்கொள்ள முடியவில்லை. தினம் காலையில் குளித்துவிட்டு வந்து பேராச்சியின் முன்னால் நிற்பார்.

"கையத் தூக்குங்க."

"தூக்க முடிஞ்சா நான் ஏன்ட்டி ஒங்கிட்ட வந்து நிக்கேன்?"

"சரி, ஆடாம நில்லுங்க. பால்வாடிப் பிள்ள கூட இப்படி நெளியாது."

வழக்குப் போடலாம் என்று தளவாய் முடிவெடுத்தபோது அவர் மனதில் இருந்தது ஐம்பது லட்சமும், ஃப்ளெக்ஸின் முன்னால் நின்று கிளினிக் கேட்கும் பகிரங்க மன்னிப்பும். வக்கீல் ஹரிதா அதில் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலின் மாடியில் ஆபீஸ். பதினோரு மணிக்கு மேல் அவள் ஃபைல்கள் எல்லாம் சாம்பார் மணக்கும்.

"காசு கொடுத்துதான் ஊசி போட்டுண்டேள், ரசீது இருக்கு. அதனால நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கிளினிக் செம்பூர்ல, கேஸ் பாந்த்ராவுல. ஏழு லட்சம் கேப்போம்," என்றாள். "தினப்படி என்ன காரியம் முடியலைன்னு பிரமாணப் பத்திரத்துல எழுதணும். சொல்லுங்கோ."

"மக்கள் பணி," என்றார் தளவாய்.

"சார், மக்கள் பணி எத்தனை சதவீதம் கொறஞ்சுதுன்னு எந்த டாக்டர் சர்டிஃபிகேட் தருவார்? சாதாரணமா ஏதாவது சொல்லுங்கோ. சாப்பிடறது, தலை வாரறது..."

"பனியன் போட முடியல வக்கீலம்மா," என்றாள் பேராச்சி. "அன்னைலேருந்து நாந்தான் போட்டு விடுதேன்."

"ஏட்டி! அத எழுதாதீயம்மா. பேப்பர்ல வந்தா யாவாரம் என்ன ஆவும்?"

ஹரிதா வேறு மாதிரி எழுதி, 'மேலாடைகளைப் பிறர் உதவியின்றி அணிய இயலாத நிலையில் மனுதாரர் உள்ளார்' என்று வாசித்துக் காட்டினாள். அந்த வாக்கியத்தில் கம்பீரம் இருந்ததால் தளவாய் கையெழுத்துப் போட்டார்.

"இன்னொண்ணு. அன்னிக்கு ஏன் சட்டையைக் கழட்டலை?"

"கொள்கை."

"என்ன கொள்கை?"

"பொது எடத்துல சட்டைய கழத்துறதில்லங்கிற கொள்கை."

பேராச்சி ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகிற பஸ்ஸின் நம்பரைப் படிக்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்குப் போட்டுண்டிருந்த துணியெல்லாம் இருக்கா? எதுக்கும் பத்திரமா வைங்கோ."

"சட்டை இருக்கு. தொவைக்காம வச்சிருக்கேன்," என்றார் தளவாய்.

"பனியன்?"

"அது இல்ல," என்றாள் பேராச்சி, பஸ்ஸைப் பார்த்தபடியே.

வழக்கு அதன் வேகத்தில் நகர்ந்தது, அதாவது, நகரவில்லை. ஒரு வருடம் கழித்து கிளினிக்கின் பதில் மனு வந்தது. குத்தியவர் தற்காலிக ஊழியர். சட்டையைக் கழற்றச் சொல்லும் முறை அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தும் அவர் அப்படிக் கேட்கவே இல்லை. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், நர்ஸிங் கவுன்சிலுக்கும் புகார் எழுதியிருக்கிறோம். எங்களுக்கு இதில் பொறுப்பில்லை.

ஹரிதா போனில் உற்சாகமாக இருந்தாள். "அவாளே நம்ம கேஸை ஜெயிச்சுக் கொடுத்துட்டா சார்! அவா வெச்ச ஆள் தப்பு பண்ணினா அவாதான் பொறுப்பு, தற்காலிகமோ நிரந்தரமோ. நர்ஸ் கேக்கலைன்னு அவாளே சொல்லியாச்சு. நீங்க மறுத்து ஒண்ணும் பேச வேண்டாம். பேசாம இருந்தாலே போறும்."

பேசாமல் இருப்பது தளவாய்க்கு வாழ்க்கையில் பழக்கமில்லாத காரியம். ஆனாலும் சரி என்றார்.

அடுத்த வாரம் அஃப்ஷா கடைக்கே வந்துவிட்டாள். கோவண்டியிலிருந்து ஷேர் ஆட்டோவும் ரயிலும் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கல்லாவுக்கு எதிரே நின்று, ஹிந்தியில் நேரடியாகக் கேட்டாள்.

"அங்கிள், நான் சட்டையைக் கழற்றச் சொன்னேனா இல்லையா?"

தளவாய் வெயிலுமுத்துவைப் பார்த்தார். வெயிலுமுத்து பனியன் பெட்டியைப் பார்த்தார்.

"சொன்ன," என்றார் தளவாய்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"அதைக் கோர்ட்டில் சொல்வீங்களா? ரெண்டு ஆஸ்பத்திரியில் நேர்முகம் போனேன். புகார் முடியட்டும், அப்புறம் வா என்கிறார்கள்."

"தலைவர் யோசிச்சு சொல்லுவாவ," என்று வெயிலுமுத்து தமிழில் சொன்னார். அஃப்ஷாவுக்குப் புரியவில்லை, புரிந்திருந்தாலும் பயனில்லை. அவள் தளவாயின் கையைப் பார்த்தாள். எவ்வளவு தூக்க முடிகிறது என்று கேட்டாள். அவர் பாக்கெட் வரை தூக்கிக் காட்டினார். அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, விரல்களைப் பல்லி மாதிரி சுவரில் மெல்ல மெல்ல ஏற்றச் சொன்னாள். தினம் இருபது தடவை, வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். கடைப் பையன்கள், கூலியாட்கள், இரண்டு வாடிக்கையாளர்கள் பார்க்கத் தலைவர் சுவரில் ஏறிக்கொண்டிருந்தார்.

போகும்போது அவள் கேட்டாள். "ஒன்று மட்டும் சொல்லுங்க அங்கிள். ஏன் கழற்றல?"

"சித்தாந்தம்," என்றார் தளவாய்.

மருந்து சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்கிற நோயாளியைப் பார்த்து நர்ஸுகள் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பனியன் நேரத்தில் பேராச்சி பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பிள்ளைக்குச் சோத்துல மண்ணு விழுந்திருக்கு. கோர்ட்டுல கேட்டா, அவ கழத்தச் சொன்னான்னு சொல்லிர வேண்டியதுதான?"

"சொன்னா காசு கொறையும்னு வக்கீலம்மா சொல்லுதாவ."

"கொறையட்டும். நம்ம என்ன அதுலயா கஞ்சி குடிக்கோம்?"

தளவாய் பனியனுக்குள் தலை மாட்டிக்கொண்ட நிலையில் சொன்னார். "காசு கெடக்குட்டி. அவ கழத்தச் சொன்னான்னு சொன்னா, அடுத்தாப்ல ஏன் கழத்தலன்னு கேப்பாவளே?"

"கேட்டா சொல்லுங்க."

"ஏட்டி!"

"அப்பம் காலம்பூரா அந்தப் பிள்ள மேல பழியப் போட்டுட்டு, இந்தக் கையோட வணக்கம் வச்சிக்கிட்டு அலைங்க," என்று பேராச்சி பனியனை வெடுக்கென்று கீழே இழுத்தாள். தலை வெளியே வந்தது. முகம் சிவந்திருந்தது, பனியனால் அல்ல.

விசாரணை நாளன்று வெயிலுமுத்து இருபது பேரைப் பாந்த்ராவுக்கு அழைத்து வந்திருந்தார். ஒருவர் கையில் பொன்னாடையும் இருந்தது. ஜெயித்தால் உடனே போர்த்திவிடலாம். ஆணையத்தின் அறை தளவாய் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சினிமாவில் வருகிற கூண்டு இல்லை, சுத்தியல் இல்லை. ஃபைல் கட்டுகளுக்கு நடுவே மூன்று நாற்காலி. அதில் நடு நாற்காலி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் அஃப்ஷா.

வாதமெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஃபைலை மூடப்போன நடு நாற்காலி அம்மாள், என்ன தோன்றியதோ, மனுதாரரை எழுந்திருக்கச் சொன்னார். தமிழிலேயே பேசலாம், வக்கீல் மொழிபெயர்க்கட்டும் என்றார்.

"நர்ஸ் உங்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னாரா?"

ஹரிதா தளவாயைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகினாள். ஒரு 'இல்லை' போதும். தெரியாது, ஞாபகமில்லை என்றாலும் போதும். தளவாய், மேடையில் கைதட்டலுக்குக் காத்திருக்கிற இடைவெளியை விட்டார். இங்கே யாரும் தட்டவில்லை.

"சொல்லிச்சு," என்றார். "ரெண்டு வாட்டி சொல்லிச்சு. அது ஒழுங்காத்தான் சொல்லிச்சு. நாந்தான் கேக்கல."

ஹரிதா மொழிபெயர்க்க இரண்டு மூச்சு அதிகமாக எடுத்துக்கொண்டாள். கிளினிக் வக்கீல் நாற்காலி சரியத் துள்ளி எழுந்தார். தங்கள் மனு பொய்யாகிப்போனதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "அப்படியானால் தவறு முழுக்க மனுதாரருடையது! கழற்றச் சொல்லியும் ஏன் கழற்றவில்லை? அதைக் கேளுங்கள்!"

"ஏன் கழற்றவில்லை?" என்று நடு நாற்காலி அம்மாள் கேட்டார்.

இருபது பேரும் முன்னால் சாய்ந்தார்கள். பேராச்சி மடியில் இருந்த பையின் காதை முறுக்கினாள். தளவாய் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, முப்பது வருட மேடை அனுபவம் எங்கிருந்தோ வந்து அவரைக் கைகொடுத்துத் தூக்கியது.

"அம்மா, எங்க தாத்தா காலத்துல பண்ணையாரு வீட்டு முன்னால போணும்னா, மேல்துண்ட எடுத்து இடுப்புல கட்டிட்டுத்தான் நிக்கணும். மேல துணி இருந்தா அடி. எங்க தாத்தா அடி வாங்கியிருக்காரு. எங்கப்பா அதப் பாத்துட்டுத்தான் பதினாலு வயசுல பம்பாய்க்கு ரயிலேறுனாரு. வந்த மொத மாசச் சம்பளத்துல அவரு வாங்குனது ஒரு சட்டை. வெறும் சட்டை இல்லம்மா அது. ஒருத்தர் சொல்லுதாவங்கிறதுக்காக, நாலு பேரு முன்னால, நான் எஞ்சட்டைய கழத்தணுமா?"

ஹரிதா இதை மொழிபெயர்க்கும்போது அவள் குரலே கொஞ்சம் தழுதழுத்தது. கிளினிக் வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். நடு நாற்காலி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எதையோ நீளமாக எழுதினார். பின்வரிசையில் வெயிலுமுத்து சத்தம் போட்டு அழுதார். பியூன் வந்து வெளியே கூட்டிப் போனான்.

தளவாய் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தாத்தா அடி வாங்கியது உண்மை. அப்பா ரயிலேறியது உண்மை. முதல் சம்பளத்துச் சட்டையும் உண்மை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. நர்ஸ் முறைப்படி இரண்டு முறை கேட்டிருக்கிறார். அவர் கேட்கவில்லை என்று கிளினிக் சொன்னது உண்மைக்குப் புறம்பானது. போட்டோ எடுக்க நான்கு பேரை நிற்க விட்ட மேனேஜர், மறைவுக்கு ஒரு திரை கட்டியிருக்க வேண்டும். கூட்டத்தின் முன் உடல் காட்ட விரும்பாத மனிதரின் கண்ணியம் மதிக்கப்பட வேண்டியது. அவசரப்படுத்திக் குத்தச் சொன்னது சேவைக் குறைபாடு. மனுதாரரும் பிடிவாதம் பிடித்ததால் கால் பங்கு கழித்து, மீதி இழப்பீட்டைக் கிளினிக் கொடுக்க வேண்டும்.

"கால் பங்கு போயிடுத்து," என்றாள் ஹரிதா.

"போவட்டும் வக்கீலம்மா. கண்ணியம்னு எழுதியிருக்காவளா இல்லையா? அந்தப் பக்கத்த பெருசா ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. ஃப்ளெக்ஸுக்கு வேணும்."

அஃப்ஷாவின் மேலிருந்த புகார் தள்ளுபடியானது. கோவண்டியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில், இந்த முறை நிரந்தர வேலை.

பாராட்டு விழாவைப் பேரவை மாட்டுங்காவில் ஏசி ஹால் எடுத்து நடத்தியது. சிறப்பு விருந்தினர் அஃப்ஷா. ஊசி போட்ட அன்றைய வெள்ளைச் சட்டையை, துவைக்காமல், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி மேடையில் வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு மாலை. பேசிய ஒன்பது பேரும் சட்டையைப் பற்றியே பேசினார்கள். ஐந்தாவது ஆள் சட்டைக்குக் கைகூப்பி விழுந்தார். இனிப் பேரவை உறுப்பினர் எவரும் பொது இடத்தில் சட்டையைக் கழற்றுவதில்லை என்று வெயிலுமுத்து உறுதிமொழி வாசிக்க, எல்லோரும் வலது கையை நீட்டித் திரும்பச் சொன்னார்கள்.

"கோயிலுக்குப் போனா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அது திருத்தம்! பொறவு பாத்துக்கிடலாம்!" என்றார் வெயிலுமுத்து.

அஃப்ஷா ஹிந்தியில் இரண்டே வரி பேசினாள். அடுத்த முகாமுக்குத் தானே வருவதாகச் சொன்னாள். ஒரு திரைச்சீலை மட்டும் வாங்கி வையுங்கள் என்றாள். பிறகு தளவாயிடம் திரும்பி, "கையைக் காட்டுங்க அங்கிள்," என்றாள். தளவாய் எழுந்து நின்று இடது கையைத் தூக்கினார். பாக்கெட், கழுத்து, தாடை, காது. ஒன்றரை வருடம் சுவரில் பல்லி மாதிரி ஏற்றிய கை. காதைத் தொட்டு நின்றதும் ஹாலே எழுந்து நின்று தட்டியது. இரண்டு கையும் சேர்ந்த வணக்கத்தை மூன்று வருடத்துக்குப் பிறகு மக்கள் பார்த்தார்கள். அந்த நேரத்தில் தளவாயின் நெஞ்சு இருந்த அகலத்துக்கு அவர் கடையில் சைஸ் கிடையாது.

கடைசியாகப் பேராச்சியிடம் மைக்கைக் கொடுத்து, தலைவரின் கொள்கையைப் பற்றிச் சில வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மேடையில் தளவாயின் சிரிப்பு அப்படியே நின்றது.

பேராச்சி சட்டத்துக்குள் இருந்த சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நான் என்னத்தச் சொல்ல, எல்லாம் அவியளே சொல்லிட்டாவ," என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கும் கைதட்டல்.

ஊசி போட்ட அன்று தளவாய் சட்டைக்குள் போட்டிருந்த பனியன் வீட்டில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் பேராச்சி மூன்று வருடமாக கேஸ் அடுப்பு மேடையைத் துடைக்கிறாள். அதில் நாலு ஓட்டை. நாலும் முகாமன்றே இருந்தவை.